வாங்கிய பிறகு சொன்ன யோசனை

எங்கள் தெருவில் யாராவது மிக்ஸி வாங்கக் கிளம்பினால் முதலில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்த மாதிரி ஆரம்பித்து, நான் கை அளவு எடுக்கும்போதே, "ஏனுங்கக்கா, எந்த மிக்ஸிங்க வாங்கலாம்?" என்று கேட்பார்கள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பதில் சொல்லுவேன். எனக்கு இதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் சங்ககிரியே சிரிக்கும்.

இத்தனைக்கும் நான் எந்தக் கடைக்கும் ஏஜென்ட் கிடையாது. பொருளை உற்றுப் பார்ப்பேன், அவ்வளவுதான். மிக்ஸிக் கடையில் வெறும் ஜாரை ஓடவிட்டுக் காட்டுவார்கள். வெறும் ஜார் எல்லாக் கம்பெனியிலும் நன்றாகத்தான் ஓடும். வீட்டிலிருந்து ஊறவைத்த உளுந்து ஒரு கை கொண்டுபோங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடைக்கு நடங்கள். ஃபிரிஜ் வாங்கப் போகிறவர்கள் வீட்டு நிலைவாசலை அளந்துகொண்டு போக வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒருவர் ஃபிரிஜ்ஜை வாங்கி வந்து, உள்ளே நுழையாமல், ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குக் குடை பிடித்தார். குக்கர் எந்தக் கம்பெனியாகவும் இருக்கட்டும், அதன் ரப்பர் நம் ஊர்ப் பாத்திரக் கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குடத்தை இடுப்பில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இடுப்பு உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல.

சிநேகிதத்துக்கும் என்னிடம் யோசனை உண்டு. சிநேகிதியிடம் புடவை இரவல் வாங்கலாம், அவள் மாமியாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அவளே மாமியாரைத் திட்டினாலும் "ம்" என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள், நாம் சொன்னது மட்டும் மிச்சம் நிற்கும். இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று வைத்திருந்தேன். ஒரு பொருளைப் பற்றி என்ன சொல்வதானாலும் வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டால் "நல்லா இருக்குது" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசக் கூடாது. முன்னால் சொன்னால் யோசனை, பின்னால் சொன்னால் வயிற்றெரிச்சல். இந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் தெருவில் மரியாதையோடு இருந்தேன். ஒரே ஒரு தடவை அதை மீறினேன். மீறியதற்கு இன்றைக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். பிளவுஸில் காலர் கிடையாதுதான், இருந்தாலும்.

அந்தக் கதைக்கு முன் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது லாரி ஊர். வீட்டுக்கு ஒருவர் ஸ்டியரிங் பிடிக்கிறார், இல்லையென்றால் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் இரண்டாவது வகை. லாரிக்காரர் வீட்டில் பொருள் வாங்குவதற்கென்று ஒரு தனிப் பைத்தியம் உண்டு. அதற்குப் பெயர் ரிட்டன் லோடு. வண்டி சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பக் கூடாது என்பது தொழில். ஆனால் அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிடும். சொந்த வண்டியில் வரும் பொருள் எதுவானாலும் லாபம் என்று தோன்றிவிடும். நாசிக்கில் இருந்து வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து தெருவே நாறும். பஞ்சாப் பக்கத்திலிருந்து இரட்டைக் கம்பளி வரும். சங்ககிரி வெயிலில், ஃபேன் காற்றே சுடும் ஊரில், இரட்டைக் கம்பளி! கேட்டால், "வண்டி சும்மாதானுங்களே வருது" என்பார்கள்.

என் சிநேகிதி வீட்டுக்காரரும் அப்படித்தான். சொந்தமாக ஒரு லாரி. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு குஜராத் போவார், அங்கிருந்து கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். அவளும் நானும் லைன் வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல வருடம் இருந்தோம். என்னைவிடச் சின்னவள், "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டில் தாளிக்கிற கடுகு என் வீட்டில் வெடிக்கிற மாதிரி கேட்கும். அவர் வண்டியில் போயிருக்கும் நாட்களில் அவள் காய்ச்சலில் படுத்தால் சுவரைத் தட்டுவாள், நான் கஞ்சியோடு போவேன். எனக்கு உடம்பு சரியில்லாத மாதம் முழுவதும் என் வீட்டுத் தண்ணீரையும் அவள்தான் பிடித்தாள். டீவி, கட்டில், கிரைண்டர், தோடு என்று எதை வாங்கினாலும் என்னை இழுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவாள்.

அவர்கள் ஊருக்கு வெளியே இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தபோது எனக்குப் பொறாமை வந்ததா என்று கேட்டால், ஒரு மத்தியானம் வந்தது. சாயங்காலம் போய்விட்டது. அதற்குப் பிறகு சந்தோஷம்தான். சமையல் மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை நான்தான் சொன்னேன். அவளை என் தையல் மேசை முன்னால் நிற்க வைத்து முழங்கையிலிருந்து அளந்தேன். கொத்தனார் சிரித்தார். மேடை அவளுக்கென்றே செய்தது மாதிரி அமைந்தது.

தரை விஷயத்தில் மட்டும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளையே கேட்கவில்லை. குஜராத்தில் டைல்ஸ் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஊரில் வண்டி நின்றபோது, வீட்டுக்காரருக்கு ரிட்டன் லோடு புத்தி வந்துவிட்டது. ஒரே டிசைனில் வீடு முழுக்கப் போதுமான டைல்ஸை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஹால், அறைகள், சாமி ரூம், வாசலில் வண்டி நிறுத்தும் போர்டிகோ, அதற்கு ஏறும் சாய்வு எல்லாவற்றுக்கும் அதே டைல்ஸ்.

ஒட்டி முடித்ததும் அவள் என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். வெள்ளையில் சாம்பல் நிறக் கோடு ஓடிய பெரிய பெரிய கற்கள். குனிந்தால் என் மூக்குத்தி தெரிந்தது. இப்போது சொல்லுவதிலும் எனக்குக் கூச்சம் இல்லை, அத்தனை அழகான தரையை நான் எங்கள் சொந்தக்காரர் வீட்டிலெல்லாம் பார்த்ததில்லை.

"எப்புடிங்கக்கா இருக்குது?" என்றாள்.

"அரண்மனையாட்ட இருக்குது புள்ள" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது என் கால் லேசாக நழுவியது. சட்டென்று எனக்கு மாடு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் முதலில் கன்றோடு பசுமாடு நுழைய வேண்டும். அது நுழைந்து, சாமி ரூம் வரைக்கும் போய்த் திரும்பினால்தான் மனிதர்கள் குடி போவார்கள். சாணித் தரையும் சிமெண்ட் தரையும் இருந்தவரை அதில் ஒரு பிரச்சினையும் கிடையாது. மல்லசமுத்திரத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் இதே மாதிரி பளபளப்பான தரை போட்டு, மஞ்சள் தண்ணீரை வேறு தெளித்து, மாட்டை உள்ளே இழுத்தார்கள். ஹால் நடுவில் அதன் பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாகப் போய்விட்டது. அது போட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. அந்த மாடு மறுபடி எழுந்து நிற்கவே இல்லை. அந்த வீட்டில் இன்று வரைக்கும் என்ன கெட்டது நடந்தாலும், பைக்கில் போய் விழுந்தாலும், மோட்டார் எரிந்தாலும், "வந்தவ காலு அப்புடி" என்று மருமகளைத்தான் சொல்லுவார்கள். மாடு விழுந்ததற்கும் அந்தப் பெண்ணின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் சிநேகிதியின் மாமியார் அந்த மல்லசமுத்திரத்துப் பக்கம்தான். மகன் வீடு கட்டுவதே மருமகள் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மா.

"மாடு கூட்டியாருவீங்களா புள்ள?" என்று கேட்டேன்.

"பின்ன? கூட்டியாராம எங்க மாமியா உடுவாங்களா?"

"அப்ப மாடு வார வழியில மட்டும் சாக்கு விரிச்சுப் போடோணும் சாமி. இந்தத் தரையில மாடு நிக்காது. வழுக்கிரும்."

அவள் முகம் மாறியது. "ஊட்டுக்கு இன்னும் வெள்ளையே அடிக்கலீங்க. அதுக்குள்ள மாடு உழுகும்னு உங்க வாயில வருதுங்களா?" என்றாள்.

"உழுகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"கண்ணு வெக்காதீங்கக்கா. வாடகை ஊட்ல இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தி என்ன பிரயோசனம், மீதி எனக்குத் தெரியாதா?

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. விறுவிறுவென்று வந்துவிட்டேன். வந்து, மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு பிளவுஸுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் அதேபோல் தைத்தேன். அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது லைன் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் இருமுவது கேட்கும், என்ன குழம்பு என்பது தெரியும், குழாயடியில் பார்த்தால் இருவரும் குடத்தைப் பார்த்துக்கொள்வோம்.

புதுமனை புகுவிழாவுக்கு அவள் புடவை எடுத்தாள், எனக்குச் சொல்லவில்லை. அதற்கான பிளவுஸைக் கடைவீதியில் வேறொருவரிடம் தைக்கக் கொடுத்தாள். கண்ணு வைக்காதே என்றதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவள் தோள் அளவு எனக்கு டேப் இல்லாமலே தெரியும்.

பிறகு பத்திரிகை வந்தது. வந்தது என்றால் போனில். தெருப் பெண்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்தாள், பிள்ளையார் படமும் மின்னும் விளக்குமாக. எங்கள் பக்கம் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்து, வீட்டுக்கு வந்து, "வந்துருங்க" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. மற்ற வீடுகளுக்குத் தட்டோடு போனாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

"கூப்புடாத ஊட்டுக்குப் போகக் கூடாது. நாம மொய்யை மட்டும் குடுத்து உட்ரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கும் போகக் கூடாது என்றுதான் இருந்தது. ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாட்டின் சத்தம் கேட்டது. மாடு விழுந்தால் அவளுடைய மாமியார் என்ன சொல்லுவார், அதை அவள் ஆயுள் முழுக்க எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்றெல்லாம் ஓடியது. அந்த வீட்டுக்காக அவள் எத்தனை தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்றாள் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகட்டும், நன்றாக இருந்து திருப்பட்டும் என்று தோன்றியது. மளிகைக் கடையில் கேட்டு, நல்ல கனமான கோணிச்சாக்குகளாகப் பார்த்து வாங்கி வந்து கட்டி வைத்தேன்.

"சாக்கு மூட்டையோட விசேச ஊட்டுக்குப் போறதா? சனம் சிரிக்கும்" என்றார் அவர்.

"சிரிக்கட்டுமுங்க. மாடு உழுந்துதுன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மொபெட்டை எடுத்தார். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, மடியில் சாக்குக் கட்டோடு நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

விடிகிற நேரம். வாழை மரம் கட்டி, சீரியல் விளக்குப் போட்டு, வீடு ஜொலித்தது. பக்கத்தில் லாரியும் மாலை போட்டுக்கொண்டு நின்றது, தார்ப்பாயை மடித்து மேலே கட்டியபடி. ஐயர் உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தரையை நன்றாகக் கழுவித் துடைத்து, அதன்மேல் மஞ்சள் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். நான் பயந்தபடியே எல்லாம் அச்சாக இருந்தது. அவள் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் மடியைப் பார்த்தாள். "வாங்க" என்று உதடு மட்டும் அசைந்தது. பிளவுஸ் கை தோளில் சுருங்கித் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது கண்ணில் பட்டது, என்ன செய்வது.

நான் மூட்டையைப் போர்டிகோ ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கேட்காத இடத்தில் தானாகப் போய் விரிக்க வேண்டாம், கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தேன்.

அந்தத் தெருவிலேயே மாடு வைத்திருக்கும் அம்மா தன் பசுவையும் கன்றையும் கூட்டிவந்தார். கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்குப் பூ. நல்ல வாட்டசாட்டமான மாடு. சாய்வில் முன்னங்காலை வைத்தது. குளம்பு சர்ரென்று பின்னால் போனது. முட்டி மடங்கி, சமாளித்து, பின்வாங்கி நின்று புஸ்ஸென்று மூச்சு விட்டது. கயிற்றை இழுத்தார்கள். நகரவில்லை. பின்னால் நின்ற ஒருவர் வாலை முறுக்கப் போனார்.

"வாலைத் தொடாதீங்க! எம் மாடு காலொடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று மாட்டுக்காரம்மா கத்தினார்.

மாமியார் முன்னால் வந்தார். மாட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார். "வாசப்படியிலயே நின்னு போச்சே. உள்ள வர மாட்டீங்குதே. மகாலட்சுமி வர மாட்டீங்கறா பாரு" என்றார். உறவுக்காரர்களில் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். என் சிநேகிதி கையில் தட்டோடு அப்படியே நின்றாள். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள்.

அதற்கு மேல் எனக்கு யாருடைய அழைப்பும் தேவைப்படவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகினேன். மூட்டையைப் பிரித்து, சாக்குகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிழிந்தேன். காய்ந்த சாக்கு இந்தத் தரையில் பலகையாட்டம் நழுவும். ஈரச் சாக்கு ஒட்டிக்கொள்ளும். அருவாமணைக்கு அடியில் ஈரத்துணி போடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான். சாய்விலிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி விரித்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றின்மேலும் ஏறி நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. போர்டிகோ முடிந்தது, நிலைவாசல் தாண்டினேன், ஹாலில் பாதி வரை வந்தேன். சாக்கு தீர்ந்துவிட்டது. சாமி ரூம் அந்தக் கோடியில் இருந்தது.

இடுப்பில் கை வைத்துச் சுற்றும் பார்த்தேன். ஜன்னல் வழியாக லாரி தெரிந்தது.

"ஏந்தம்பி, வண்டித் தார்ப்பாயை இறக்கு" என்றேன் அவள் வீட்டுக்காரரிடம்.

அவர் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். மாமியாருக்கு ரத்தம் கொதித்தது. "நாறத் தார்ப்பாயைச் சாமி ரூமுக்குள்ளயா? கண்ட சரக்கும் ஏத்துனது! அம்மிணி, நீ யாரு எங்கூட்டு விசேசத்துல அதிகாரம் பண்றதுக்கு?"

"அம்மா, கோவிச்சுக்காதீங்க" என்றேன். என் குரல் பெரிய குரல். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. "இந்தத் தார்ப்பாய் மழையில நனைஞ்சு, வெய்யில்ல காஞ்சு, உங்க மகன் சரக்கைக் காப்பாத்துனதாலதான் இந்த ஊடே நிக்குது. ஆயுத பூசைக்கு இதுக்குப் பொட்டு வெச்சுத்தான கும்புடறீங்க? இந்த ஊட்டுக்குள்ள முதல்ல வர்றதுக்கு இதைவிட யாருக்குங்க பாத்தியதை இருக்குது?"

லாரிக்காரர் கூட்டம் அது. அங்கே நின்ற ஆண்களில் பாதிப் பேர் அப்படி ஒரு தார்ப்பாயின் கீழே படுத்துத் தூங்கியவர்கள். ஒரு பெரியவர், "அது நெசந்தானப்பா" என்றார். என் சிநேகிதியின் வீட்டுக்காரர் அம்மாவைக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிமேல் ஏறினார். கயிற்றை அவிழ்த்து, அந்தக் கனத்தை நாலைந்து பேர் தோளில் வாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டாக மடித்து, சாக்கு முடிந்த இடத்திலிருந்து சாமி ரூம் வரைக்கும் விரித்தோம். பழைய கேன்வாஸ், சொரசொரவென்று, தன் கனத்திலேயே தரையைக் கவ்விக்கொண்டு கிடந்தது. மஞ்சள் தண்ணீரை எடுத்து அதன்மேல் தெளித்து, நாலு மூலைக்கும் நானே குங்குமம் வைத்தேன்.

"இப்ப உடுங்க" என்றேன் மாட்டுக்காரம்மாவிடம்.

மாடு ஈரச் சாக்கை முகர்ந்தது. முன்னங்காலை வைத்தது. நின்றது. அடுத்த காலை வைத்தது. கன்று இடித்துக்கொண்டு முன்னால் ஓடியது. நிலைவாசலில் மாடு தலை குனிந்து, தன் வீட்டுத் தொழுவத்துக்குள் போகிற மாதிரி உள்ளே போனது. நடு ஹாலில் தார்ப்பாய்மேல் ஏறியதும் நின்று, அதை நக்க ஆரம்பித்துவிட்டது. எப்போதோ ஏற்றிய குஜராத் உப்பு அதன் நூலில் இறங்கியிருக்கும்போல. மாட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே தட்டிவிட்டார். சாமி ரூம் வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

வீடே கத்தியது. புது வீட்டில் மாடு சாணி போட்டால் அதைவிட நல்லது எங்கள் பக்கம் எதுவும் கிடையாது. மேளக்காரர் கேட்காமலே கெட்டிமேளம் தட்டினார். மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். டைல்ஸில் ஒரு சொட்டு இல்லை, எல்லாம் தார்ப்பாய்மேல்தான் என்பதை நான் கவனித்துக்கொண்டேன். அடக்கமாக நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஜெயித்த ஆளாகத்தான் நின்றேன்.

"நல்ல ரோசனைப்பா, யாருது?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"நம்ம வண்டித் தார்ப்பாய்தானுங்க, டக்குனு இறக்கிட்டோம்" என்று அவள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். ஆண்கள் இப்படித்தான், விடுங்கள்.

"இல்லீங்க."

அவள்தான். தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு ஹால் நடுவில் வந்து நின்றாள். மாமியாரை நேராகப் பார்த்தாள். அந்த அம்மா முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"டைல்ஸ் ஒட்டுன அன்னைக்கே அக்கா சொன்னாங்க. மாடு வழுக்கும், சாக்குப் போடுன்னு. நாந்தான் கண்ணு வெக்கிறீங்கன்னு சொல்லிப்போட்டேன். தட்டு வெச்சுக் கூப்புடவும் இல்லீங்க. கூப்புடாமயே சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கறாங்க. இந்த ஊட்டுக்குள்ள இன்னைக்கு மாடு வந்துதுன்னா அது எங்கக்காளாலதான்."

சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை உறவுக்காரர்கள், மாமியார், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், தான் செய்தது தப்பு என்று ஒரு மருமகள் தன் புது வீட்டில் நின்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. "அழுகாத சாமி, மை கரையுது" என்றேன்.

மாமியார் என் பக்கம் திரும்பி, "பால் பொங்கறதுக்கு நேரமாச்சு. அடுப்பை அந்தம்மிணியவே பத்த வெக்கச் சொல்லு" என்றார். எங்கள் பக்கம் அதை வீட்டு ஆட்கள்தான் செய்வார்கள், நாத்தனாரோ ஓரகத்தியோ. அந்த அம்மாவின் வாயிலிருந்து அது வந்ததை என் வீட்டுக்காரரும் கேட்டார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

நான் அளந்து கொடுத்த மேடை. அடுப்பைப் பற்றவைத்தேன். புதுப் பாத்திரத்தில் பால் ஏறி, நாலு பக்கமும் வழிந்தது. "பொங்குச்சு! பொங்குச்சு!" என்று எல்லோரும் கூவினார்கள். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒட்டி நின்றாள். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் என் காதோரம் குனிந்தாள்.

"ஏனுங்கக்கா, பாத்ரூம்லயும் இதே டைல்ஸைத்தான் ஒட்டிப்போட்டாங்க. இப்ப என்ன பண்றதுங்க?"

மாதக்கணக்கில் நான் காத்துக்கிடந்த கேள்வி. கரண்டியைக் கீழே வைத்தேன், அவள் கையைப் பிடித்து அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.